துரைசானி வம்சத்துக் கூரைகள்

ஒத்தக்கிணறு என்று ஓர் ஊர் உண்டு. உண்டு என்று சொன்னேனே தவிர, தேடிக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள், கிடைக்காது. கோவில்பட்டிக்கும் கடலுக்கும் நடுவே கரிசலும் உடைமரமுமாகக் கிடக்கிற காட்டில், பஸ் போகிற ரோட்டைவிட்டு நான்கு மைல் உள்ளே, ஓடைக்கு மேற்கே மேலத்தெரு நாற்பத்திரண்டு வீடும் ஓடைக்குக் கிழக்கே காலனி அறுபது வீடுமாக, ஒன்றை ஒன்று பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிற அந்த ஊரில், ஒரு சித்திரை மாதம், மோர்மிளகாய் ஒரே நாளில் சருகாகிற வெயிலில், பதினோரு நாள் வெள்ளைவெளேர் என்று பனி பெய்தது. பெய்ததைப் பற்றி யாரும் அலட்டிக்கொள்ளவில்லை; மழை பெய்யாத ஊரில் என்ன பெய்தால் என்ன? யார் வீட்டுக் கூரைமேல் பெய்தது, யார் வீட்டைத் தாண்டிப் போனது என்பதில்தான் ஊர் இரண்டுபட்டது.

இரண்டுபட்டதில் நடுவில் மாட்டிக்கொண்டவர் ஆதிமூலம். அறுபத்து மூன்று வயது, பஞ்சாயத்துத் துணைத்தலைவர், மேலத்தெருவில் மச்சு வீடு. ஆனால் இதெல்லாம் அவருக்குப் பெருமையில்லை. வருஷத்துக்கு ஒருமுறை உச்சினிமாகாளி அம்மன் கொடைத் திருவிழாவில், அம்மன் மேல் சாத்திய சிவப்புப் பட்டைப் பூசாரி எடுத்துவந்து ஊரில் முதல் மரியாதைக்குரிய தலையில் சுற்றிக் கட்டுவார், அதற்குப் பெயர் பரிவட்டம், முப்பத்தொரு வருஷமாக அந்தத் தலை ஆதிமூலத்தின் தலை. கட்டியிருப்பது கால்மணி நேரம். அந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் மனுஷன் மீதி வருஷம் முழுக்கச் சோறு தின்றார், தலைக்கு எண்ணெய் தேய்த்தார், முடி கொட்டாமலிருக்கக் கரிசலாங்கண்ணி அரைத்துப் பூசினார். "கெணறு வெட்டுன குடிக்கு மொத மரியாதை, அந்தக் குடியில மூத்த வாரிசுக்குப் பரிவட்டம்" என்பது ஊர்ச் சட்டம். அதை வருஷாவருஷம் மைக்கில் வாசிப்பவரும் அவரே, கிணறு வெட்டியவர் தம் பாட்டனுக்குப் பாட்டன் என்று சொல்பவரும் அவரே. மேலத்தெரு தலையாட்டும், காலனி ஓடைக்கு அந்தப்பக்கம் நின்று ஸ்பீக்கரில் கேட்கும், கொடை நன்றாக நடந்துவிடும்.

பங்குனிக் கடைசியில், கொடைக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கையில், ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி ஆட்டோவில் வந்து இறங்கினாள். பெயர் சிக்ரிட். ஸ்வீடன் தேசத்தில் முப்பது வருஷம் சைக்கிளில் தபால் கொடுத்து ஓய்வு பெற்றவள். தலை பூராவும் நரை, கையில் பாய் மாதிரி சுருட்டிய ஒரு பெரிய காகிதம். தமிழைப் புத்தகம் வைத்துப் படித்திருந்தாள். புத்தகம் ரொம்பப் பழசு போலிருக்கிறது, அவள் வாயைத் திறந்தால் நாடகத்தில் ராணி வந்து நின்ற மாதிரி இருக்கும்.

"வணக்கம் ஐயா. என் கொள்ளுப்பாட்டியின் தமக்கையைத் தேடி வந்துள்ளேன்" என்றாள்.

"எப்பம் காணாமப் போனாவ?" என்று ஆதிமூலம் அக்கறையாகக் கேட்டார்.

"ஆயிரத்து எண்ணூற்று எண்பத்து நான்காம் ஆண்டில்."

ஆதிமூலம் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். "போலீஸ்ல எழுதிக் குடுத்தியளா?"

விஷயம் இதுதான். கல்லைத் தவிர வேறெதுவும் விளையாத ஒரு ஸ்வீடன் கிராமத்தில் ஒன்பது பிள்ளைகள் பிறந்த வீட்டில், கடைக்குட்டியான சிக்ரிட்டின் கொள்ளுப்பாட்டி மட்டும் தங்கிவிட, பஞ்சம் பொறுக்காமல் ஏழு பேர் கப்பலேறி அமெரிக்காவுக்குப் போய்க் காடு திருத்திப் பெரிய ஆளானார்கள். மேர்த்தா என்கிற மூத்தவளும் அங்கேதான் போயிருப்பாள் என்று எண்ணி, நான்கு தலைமுறையாக அந்தக் குடும்பத்தார் அமெரிக்காவில் ஒரு மாதா கோயில் பதிவேடு விடாமல், ஒரு கல்லறை விடாமல் புரட்டியிருக்கிறார்கள். எங்கே கிடைப்பாள்? அவள் ஒரு பாதிரியார் குடும்பத்துக்குச் சமையல்காரியாக எதிர்த்திசைக் கப்பலில் ஏறி, இங்கே வந்து, பாதிரியாரோடு சண்டை போட்டு, ஒரு மாட்டுவண்டியும் ஒரு கடப்பாரையுமாக இந்தப் பொட்டலில் வந்து இறங்கிவிட்டாள். போன வருஷம் சிக்ரிட் தன் வீட்டுச் சுவரை இடித்துக் கட்டும்போது கொள்ளுப்பாட்டி யாருக்கும் காட்டாமல் ஒளித்துவைத்த தகரப்பெட்டி ஒன்றில் மேர்த்தாவின் கடிதங்கள் கிடைத்தன. முதல் கடிதத்தை அவள் ஆதிமூலத்தின் வாசலிலேயே நின்று தமிழில் பெயர்த்து வாசித்தாள்: இந்த இடத்தில் மனிதர் ஒருவரும் இல்லை, முதல் வீடு என்னுடையது, முதல் கிணறும் நான் வெட்டுவித்தது.

ஆதிமூலத்துக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. பாட்டனுக்குப் பாட்டன் கையிலிருந்த கடப்பாரையை ஒரு வெள்ளைக்காரி பிடுங்கிக்கொண்டு போகிறாளே! ஆனால் அடுத்த வாக்கியத்தில் அந்தம்மாள், "அவருடைய வாரிசுகள் என் உறவினர். அவர்களை என் தேசத்துக்கு அழைக்க விரும்புகிறேன்" என்றதும் புளி சர்க்கரையாகிவிட்டது. வீட்டுக்குள்ளே மகன் கதிரேசன், எஞ்சினியரிங் முடித்து மூன்று வருஷமாகப் பகல் பதினொரு மணிவரை தூங்குகிற செல்வம், புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது.

"அந்தம்மாவக் கட்டுனதே எங்க பாட்டனுக்குப் பாட்டன்தானம்மா!" என்றார் ஆதிமூலம், கண் இமைக்காமல்.

சொன்னதோடு நின்றிருந்தால் தப்பித்திருப்பார். நேரே கோயிலுக்குப் போய்க் கற்பூரத்தைக் கொளுத்தி, "நாங்க துரைசானி வயித்துல பொறந்த வம்சம், இது பொய்னா எங் கண்ணு அவிஞ்சு போகட்டும்" என்று அடித்து அணைத்தார். கற்பூரம் அடித்துச் செய்த சத்தியத்தை மாற்றிப் பேசினால் ஏழு தலைமுறைக்குப் பார்வை போகும் என்பது அந்த ஊரில் பச்சைப்பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டு விசா என்றதும் மேலத்தெரு சும்மா இருக்குமா? ஆதிமூலம் மட்டும் வெள்ளைக்காரிக்குச் சொந்தம், நாமெல்லாம் என்ன தவிட்டுக்கு வாங்கின பிள்ளைகளா என்று மீதி நாற்பத்தொரு வீட்டுக்காரர்களும் வரிசையில் நின்று கற்பூரம் அடித்தார்கள். பூசாரியிடம் கற்பூரம் தீர்ந்து பக்கத்து ஊருக்கு ஆள் போயிற்று. காலனியில் யாரும் அடிக்கவில்லை. கோயிலுக்குள் விட்டால்தானே அடிக்க.

துரைசானியின் புருஷன் பெயர் இன்னும் வாசிக்கப்படவில்லையே என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. அவசரத்தில் அண்டாவுக்குள் கை போகாது என்பார்கள். இவர்கள் தலையையே விட்டிருந்தார்கள்.

மறுநாள் பஞ்சாயத்து ஆபீசில் கூட்டம். பஞ்சாயத்துத் தலைவி தவமணி என்று ஒருத்தி, காலனிக்காரி, நாற்பத்தைந்து வயது. அரசாங்கம் தலைவர் நாற்காலியைக் காலனிப் பெண்ணுக்கு ஒதுக்கியதால் தலைவியானவள். நாற்காலி அவளுக்கு, உட்காருவது ஆதிமூலம். தலைவி பக்கத்தில் நின்றபடி கையெழுத்துப் போடுவாள். அன்றைக்கும் சுவரோரம் நின்றிருந்தாள். சிக்ரிட் காகிதச் சுருளைத் தரையில் விரித்து, வேர் விட்ட மாதிரி கோடுகள் ஓடிய அதன் நடுவில் விரலை வைத்து, இரண்டாம் கடிதத்தை வாசித்தாள்.

"என் கணவர் பெயர் சுடலை. கிணறு தோண்டுபவர். ஓடைக்குக் கிழக்கே குடியிருப்பவர்."

சுவரோரம் நின்றவள் ஒரு எட்டு முன்னால் வந்தாள்.

"எங்க பூட்டன் பேரு சுடலைதாம்மா. கெணறு வெட்டுறவிய குடும்பம்" என்றாள் தவமணி.

"ஏ தவமணி, உன்ன யாரும் கேக்கல" என்றார் ஆதிமூலம். "இது வேற சுடலையா இருக்கும்மா. இந்தப் பக்கம் சுடலைன்னு கல்லெறிஞ்சா நாலு பேர் மேல விழும்."

சிக்ரிட் கடைசிக் கடிதத்தை எடுத்தாள். அந்தப் புத்தகத் தமிழுக்கு அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. "அன்புத் தங்கையே, மூத்தவள் எங்களோடு கிழக்கே இருக்கிறாள். அவளுக்குப் பின் பிறந்த மூன்று மகன்களும் நிறத்தில் என்னைப்போல் இருந்தார்கள். வெளியூர் போய், வேறு பெயரோடு திரும்பி வந்து, ஓடைக்கு மேற்கே வீடு கட்டிக்கொண்டார்கள். நேற்று அவர்கள் வாசலுக்குப் போனேன். தாகமாக இருந்தது. என் மகன் எனக்குச் செம்பு தரவில்லை. கையேந்தச் சொல்லி, உயர நின்று ஊற்றினான். நான் வெட்டிய கிணற்றுத் தண்ணீர். நம் ஊரில் பனி பெய்தால் எல்லார் வீட்டுக் கூரையும் ஒரே நிறமாகிவிடும், நினைவிருக்கிறதா? இங்கேயும் ஒருநாள் பெய்தால் தேவலை."

ஆதிமூலம் எழுந்து வெளியே வந்தார். வெயில் தாகம் என்று சொல்லிக்கொண்டு, சோடா வாங்கிக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு, மேகம் ஒரு துணுக்குக்கூட இல்லாத வானத்திலிருந்து பனி இறங்கியது. காலனியின் அறுபது வீட்டிலும் ஓடு, கல்நார், கான்கிரீட் என்று பார்க்காமல் முழங்கால் உயரத்துக்கு விழுந்தது. மேலத்தெருவில் நாற்பத்திரண்டில் முப்பத்தொரு வீட்டின் மேல், சர்வேயர் அளந்து விட்ட மாதிரி, பொதுச்சுவரில் பாதிவரை வெள்ளையும் பாதி காய்ந்ததுமாக விழுந்தது. பாகம் பிரிக்கையில் சண்டை வந்த எல்லைகளெல்லாம் அன்றைக்குத் துல்லியமாகத் தெரிந்தன. ஒரு வீட்டில் அண்ணன் தம்பி மூன்று பேர் பகுதியில் இரண்டின் மேல் விழுந்து ஒன்றின் மேல் விழாமல் விட்டுவிட்டது; அதைப் பற்றி ஊர் நாகரிகமாக வாயே திறக்கவில்லை, ஒரு பத்து நிமிஷம்.

முதல் நாள் முப்பத்தொரு வீட்டுக்காரர்களுக்கும் அவமானம் பிடுங்கித் தின்றது. பனி விழுந்தால் துரைசானி வம்சம் சரி, ஆனால் சுடலை வம்சமும் சேர்ந்தல்லவா வருகிறது! கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை. வெள்ளைக்காரி ரத்தம் வேண்டும், அவள் புருஷன் ரத்தம் வேண்டாம். கூரையில் ஏறிக் கூட்டிப் பெருக்கித் தெருவில் தள்ளினார்கள். கேட்டவர்களிடம், ஜின்னிங் மில்லிலிருந்து பஞ்சு பறந்து வந்திருக்கிறது என்றார்கள். பஞ்சு அவர்கள் கையில் உருகிச் சொட்டிற்று. ஓய்வுபெற்ற தமிழாசிரியர் குற்றாலம் பிள்ளைக்கு ஒரு யோசனை வந்தது: துரைசானி ஒரு கன்னித் தெய்வம், புருஷனே கிடையாது, பிள்ளைகள் பனியிலிருந்து அவதரித்தவர்கள், பனியம்மன் என்று ஒரு பீடம் போட்டுவிடலாம். மேலத்தெரு ஆகா என்றது. சிக்ரிட் மட்டும் கடிதத்தைப் பார்த்து, "ஏழு பிள்ளைகளும் வலித்துத்தான் பிறந்தார்கள். ஐந்தாவது பிரசவம் இரண்டு நாள் நீடித்ததாம். பனியைப் பற்றி அங்கே குறிப்பில்லை" என்றாள். பீடத்துக்குக் கொண்டுவந்த செங்கல் அப்படியே கிடந்தது.

மூன்றாம் நாள் அவள் நோட்டுப் புத்தகத்தோடு தெருத்தெருவாகப் போய், பனி விழுந்த வீடுகளைப் படம் பிடித்து, வீட்டுக்காரர் பெயரைக் காகிதச் சுருளில் ஏற்ற ஆரம்பித்தாள். அவ்வளவுதான், அவமானம் பறந்துபோயிற்று. பெருக்கித் தள்ளியவர்களே பனியைப் பாத்திகட்டிக் காவல் காத்தார்கள். கல்யாணத் தரகர் ஜாதகத்தின் மூலையில் பனி உண்டு, பனி இல்லை என்று பென்சிலால் குறித்துக்கொண்டார். பனி வீட்டு ஆடுகளுக்குச் சளி பிடித்தது. பெண்கள் வற்றல் போடுவதற்குப் பனி இல்லாத வீட்டு மாடியை இரவல் கேட்டார்கள், கேட்கும்போதே முகத்தில் ஓர் இளக்காரம். கிராம நிர்வாக அதிகாரி, "வெண்ணிறக் குளிர்ந்த பொருள் வானிலிருந்து வரப்பெற்றது" என்று மேலே எழுதினார். மேலிருந்து, "அப்பொருள் முன் அனுமதி பெற்று விழுந்ததா என விளக்கம் தருக" என்று பதில் வந்தது. மேலத்தெருக்காரர்கள் ஓடையைத் தாண்டிப் போய், பார்த்தும் பார்க்காமலும் போன முகங்களைப் பார்த்து, "என்ன மச்சான், சொகமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். மச்சான்மார் பயந்துபோய்ப் பின்னால் திரும்பிப் பார்த்தார்கள்.

காலனிக்காரர்கள் பனியைக் குடத்தில் அள்ளினார்கள். ஆறு வருஷமாக அவர்கள் குழாயில் காற்றுதான் வந்தது. தண்ணீர்த் தொட்டியின் வால்வுச் சாவி ஆதிமூலத்தின் அரைஞாண் கயிற்றில் தொங்கியது. இப்போது அண்டா, டிரம், குழந்தைகள் குளிக்கிற தொட்டி எல்லாம் நிறைந்து வழிய, இரண்டு வேளையும் குளித்தார்கள், துவைத்தார்கள், முருங்கைக்கு ஊற்றினார்கள். ஊர்த் தண்ணீர்த் தொட்டி வறண்ட ஏழாம் நாள், சொந்தக் கூரைப் பனியை அள்ள மனமில்லாத மேலத்தெருப் பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு குடத்தோடு ஓடையைத் தாண்டினார்கள். காலனிப் பெண்கள் குடம் நிறைய ஊற்றினார்கள், தாகமென்று நின்றவர்களுக்குச் செம்பிலேயே கொடுத்தார்கள்.

இவ்வளவும் நடக்க, ஆதிமூலத்தின் மச்சு வீட்டு மாடியில் ஒரு பொட்டுப் பனி விழவில்லை.

தினமும் காலை ஐந்தரைக்கே ஏறி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நிற்பார். இடப்பக்க வீட்டில் விழும், வலப்பக்க வீட்டில் விழும், நடுவில் தாம்பாளம் மாதிரி அவர் மாடி சூடாகக் கிடக்கும். பனி விழுந்தால் சுடலைக்குப் பேரன். விழாவிட்டால் கற்பூரத்தில் பொய் சொன்னவன், பரிவட்டமும் போயிற்று. இரண்டில் எது மோசம் என்று முதல் மூன்று நாள் யோசித்தார். நான்காம் நாள் யோசனை தீர்ந்துவிட்டது. "சொடலைக்குப் பேரனாவே இருந்துட்டுப் போறேன் தாயே, ஒரு குத்துப் பனி போடு" என்று அம்மனிடம் வாய்விட்டுக் கேட்டார். கேட்ட வாயை அவராலேயே நம்ப முடியவில்லை. அம்மன் நம்பினாளோ என்னவோ, போடவில்லை.

எட்டாம் நாள், துறைமுகத்து ஐஸ் பேக்டரியிலிருந்து நாற்பது ஐஸ் பாளம் லாரியில் வரவழைத்து, தேங்காய் துருவுகிற மாதிரி துருவி மாடி முழுக்கப் பரப்பினார். பார்வைக்கு அச்சு அசல் பனிதான். ஆனால் எட்டு மணி வெயில் ஏறியதும் சாளை மீன் நாற்றம் கிளம்பிற்று. தெருவிலிருந்த பூனைகளெல்லாம் மச்சு வீட்டு மாடியில் மாநாடு போட்டன, காக்காய் இறங்கியது.

"ஊருக்கெல்லாம் பனி பெய்யுது, நமக்கு மட்டும் மீன்கொழம்பு பெய்யுது" என்றாள் அவர் மனைவி சொர்ணம், மூக்கைச் சேலையால் பொத்திக்கொண்டு. "உண்மையச் சொன்னா உங்க தலை கழண்டா விழும்?"

"தலையப் பத்தித்தாண்டி பேச்சே" என்றார் ஆதிமூலம். அழுதுவிடுவார் போலிருந்தது. அப்பன் கட்டியது, பாட்டன் கட்டியது. தலையில் அந்தப் பட்டுத் துணி இல்லாவிட்டால் தான் யார் என்று அவருக்கு நிஜமாகவே தெரியவில்லை.

சிக்ரிட் அவர் வீட்டைச் சுருளில் ஏற்றவில்லை. பூனைகளை மட்டும் படம் எடுத்துக்கொண்டு போனாள். பத்தாம் நாள், குற்றாலம் பிள்ளை சுருளைக் குனிந்து பார்த்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் பார்த்து, குரலைத் தாழ்த்தி ஆதிமூலத்திடம் விஷயத்தைச் சொன்னார். மேர்த்தாவுக்கு மூத்தது பெண்; அந்தப் பெண்ணுக்கு மூத்தது, அதற்கு மூத்தது என்று கோட்டைப் பிடித்துக்கொண்டே போனால், கோடு போய் நிற்கிற பெயர் தவமணி. சட்டப்படி நாளைக்குப் பரிவட்டம் அவளுக்கு.

மேலத்தெரு அவசரமாகக் கூடியது. நேற்றுவரை மச்சான் என்றவர்கள், சித்தி என்றவர்கள், செம்பில் குடித்தவர்கள் எல்லாரும் முகத்தைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருந்தார்கள். சொந்தம் வேறு, மரியாதை வேறு அல்லவா? சொந்தக்காரி என்றால் தலையில் வைத்துக்கொள்ள முடியுமா? அப்போதுதான் ஆதிமூலத்துக்கு அந்தப் பிரமாதமான எண்ணம் உதித்தது. தனக்கு இல்லாவிட்டால் போகிறது, யாருக்குமே இல்லாமல் பண்ணிவிட்டால்? சொன்னார். தெரு முழுக்கப் பெருமூச்சு விட்டது. குற்றாலம் பிள்ளை அதை நல்ல தமிழில் எழுதிக் கொடுத்தார்.

கொடை நாள். கோயில் முன்வெளியில் ஊரே கூடியிருந்தது. முப்பத்தொரு வீட்டுக்காரர்களும் சொந்தம் கொண்டாடிவிட்ட பிறகு காலனியை ஓடைக்கு அந்தப்பக்கம் நிறுத்த யாருக்கும் வழி தெரியாததால், காலனியும் உள்ளே வந்திருந்தது. பூசாரி சிவப்புப் பட்டைத் தாம்பாளத்தில் வைத்துக்கொண்டு யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆதிமூலம் மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த ஊர்ப் பொதுமக்களே! ஆத்தா சந்நிதியில பெரியவன் ஏது, சின்னவன் ஏது? ஒருத்தனுக்கு மரியாதை, ஒருத்தனுக்கு இல்லன்னா அது ஞாயமா? மனுசருக்கு மனுசர் சமம்ங்கிற உயர்ந்த கொள்கைப்படி, இந்த வருசம் தொடங்கி யாருக்கும் பரிவட்டம் கெடையாது!"

மேலத்தெரு கைதட்டியது பாருங்கள், பக்கத்து ஊர்ப் புறா பறந்திருக்கும். முப்பத்தொரு வருஷமாகச் சமத்துவத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதவர்கள் கண் கலங்கக் கைதட்டினார்கள். பூசாரி அப்பாடா என்று பட்டை மடிக்கப் போனார்.

"கொஞ்சம் பொறுங்க பூசாரி" என்று தவமணி முன்னால் வந்தாள். மைக்கைக் கேட்கவில்லை, அவள் குரலுக்கு மைக் தேவையுமில்லை. "அய்யா சொன்னது நூத்துக்கு நூறு. எல்லாரும் சமம். அப்பம் யாருக்கும் இல்லன்னு எதுக்குச் சொல்லணும், எல்லாருக்கும்னு சொல்லிட்டாப் போச்சு."

சொல்லிக்கொண்டே தாம்பாளத்திலிருந்து பட்டை எடுத்து, ஓரத்தைப் பல்லால் கடித்து, சர்ரென்று ஒரு விரல் அகலத்துக்குக் கிழித்தாள்.

"ஏம்மா, அம்மன் பட்டும்மா அது!" என்று பூசாரி அலறினார்.

"அம்மன் பட்டுதான். அவ பிள்ளையளுக்குத்தான். மூத்த வாரிசுக்கு மொத மரியாதைன்னு சட்டம் இருக்குல்லா? கட்டிவிடுறதுதான் என் மரியாதை. வாங்க."

முதலில் போனது சிக்ரிட். நரைத்த தலையைக் குனிந்து நின்றாள், தவமணி கட்டிவிட்டாள். காலனிக் கிழவர்கள் வந்தார்கள். பிறகு பெண்கள். அந்த ஊரில் பரிவட்டம் ஒரு பெண் தலையிலும் ஏறியதில்லை. மேலத்தெரு மைனிமார்களும் மதினிமார்களும் புருஷன்மார் முறைப்பதை அசட்டை செய்துவிட்டு, "ஏய் தள்ளு, நான்தான் முன்ன நின்னேன்" என்று இடித்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். ஆதிமூலம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சொர்ணம் போய்த் தலையைக் கொடுத்துவிட்டு, திரும்பி வந்து, ஒன்றும் நடக்காத மாதிரி பக்கத்தில் நின்றாள். அவள் நெற்றிக்கு அந்தச் சிவப்பு எடுப்பாகத்தான் இருந்தது.

பெண்டாட்டிகள் கட்டிக்கொண்ட பிறகு புருஷன்மாருக்கு என்ன வீறாப்பு? ஒவ்வொருவராக, மேலே துண்டைச் சரிசெய்துகொண்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு போனார்கள். தவமணி நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் அவள் முன்னால் போய்க் குனியத்தான் வேண்டும். குனிந்தார்கள். பனி விழாத பதினோரு வீட்டில் பத்து வீட்டுக்காரர்களும் குனிந்தார்கள். அவள் யாரையும் பனி கேட்கவில்லை. குற்றாலம் பிள்ளை குனிந்தபோது கண்ணாடி கீழே விழுந்தது, அவளே எடுத்து மாட்டிவிட்டாள்.

கடைசியில் முன்வெளி முழுக்கச் சிவப்பு நூல் நூலாகத் தலைகள், கட்டிவிடுகிறவளை விட்டால் நடுவில் ஒரே ஒரு வெறுந்தலை. கரிசலாங்கண்ணித் தைலம் பளபளத்தது. தவமணியின் கையில் ஒரு கிழிசல்தான் மீதி. அதை விரலில் சுற்றிக்கொண்டே கூட்டத்தைச் சுற்றிப் பார்த்தாள்.

"வேற யாரும் விட்டுப் போச்சா?"

ஆதிமூலத்தைத் தாண்டி அவள் பார்வை போயிற்று. யாருக்கும் கிடையாது என்று தீர்மானம் போட்டவர், கற்பூரத்தில் பொய் அடித்தவர், அறுபத்து மூன்று வயதில் பட்டுத் துணியில் ஒரு விரல் அகலத்துக்காகக் கூட்டத்தை முழங்கையால் விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றார். தலையை லேசாகச் சாய்த்தார்.

"கை எட்டல அய்யா" என்றாள் தவமணி.

குனிந்தார்.

"இன்னுங் கொஞ்சம்."

இன்னும் குனிந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, அவருக்கு அவள் காலும், காலுக்குக் கீழே கரிசல் மண்ணும்தான் தெரிந்தன. நெற்றியைச் சுற்றித் துணி வந்தது, பின்மண்டையில் அவள் விரல்கள் முடிச்சுக்குத் தடவின. பழைய பரிவட்டத்தில் நூறில் ஒரு பங்குகூட இல்லை, காற்றடித்தால் பறந்துவிடும் போலிருந்தது. ஆதிமூலம் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லா இறுக்கிக் கட்டுங்க தாயி" என்றார். "அவுந்துறப் போவுது."